கூரையில் நின்ற நால்வர்: ஒரு சிம்ப்சன்ஸ் எபிசோடைப் பிரித்துப் பார்த்த கதை

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இந்த எபிசோடை முதல் தடவை பார்த்தபோது பீட்டில்ஸ் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: நாலு பேர், இங்கிலாந்துக்காரர்கள். ஹாஸ்டலில் ராத்திரி நேரம், நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பிரவுனி காட்சி வந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அப்புறம் போய்த் தூங்கிவிட்டோம். அதற்குப் பிறகு பல வருஷம் கழித்து, பீட்டில்ஸ் ஆல்பங்களை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேட்டு, அவர்கள் கதையையும் படித்து முடித்த ஒரு சமயத்தில் இதே எபிசோட் மறுபடி கண்ணில் பட்டது. சிரிப்பு அப்போதும் வந்தது. ஆனால் மூன்று இடங்களில் தொண்டையில் ஏதோ அடைத்தது. இருபத்திரண்டு நிமிஷ கார்ட்டூன் காமெடியில் ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிடைத்ததை எல்லாம் இங்கே வைக்கிறேன்.

எபிசோடின் பெயர் 'ஹோமர்ஸ் பார்பர்ஷாப் குவார்டெட்'. 1993 செப்டம்பர் 30 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சிம்ப்சன்ஸ் ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடாக வந்தது. எழுதியவர் ஜெஃப் மார்ட்டின், இயக்கியவர் மார்க் கிர்க்லண்ட். ஐந்தாவது சீசனில் ஒளிபரப்பானாலும் இது நாலாவது சீசனுக்காகத் தயாரானது, தயாரிப்பு எண் 9எஃப்21 என்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கதை சுருக்கமாக இதுதான்: பழைய பொருள் சந்தையில் பார்ட்டும் லிசாவும் ஒரு எல்பி ரெக்கார்டைக் கண்டெடுக்கிறார்கள், அட்டையில் அப்பாவின் முகம். 1985இல் தானும், இந்தியக் கடைக்காரர் அபுவும், குடிகார நண்பர் பார்னியும், பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னரும் சேர்ந்து 'பி ஷார்ப்ஸ்' என்று ஒரு குழு நடத்தி, உலகப் புகழ் அடைந்து, பிறகு உடைந்துபோன கதையை அப்பா ஹோமர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் பீட்டில்ஸ் கதையைக் கார்ட்டூன் ஆட்களை வைத்து மறுபடி நடித்துக் காட்டுவதுதான் மொத்த எபிசோடும்.

இப்படி உள்குறிப்பு தேடும்போது ஒரு ஆபத்து உண்டு. தேட ஆரம்பித்துவிட்டால் எங்கு பார்த்தாலும் ஏதாவது தெரியும். அதனால் மூன்று கூடைகள் வைத்துக்கொண்டேன். எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்தது என்று சந்தேகமே இல்லாதவை ஒன்று, வைத்திருக்கலாம் என்று தோன்றுபவை ஒன்று, யாரும் வைக்காமல் தானாக வந்து பொருந்தியவை ஒன்று. இந்த எபிசோடில் என்னை அதிகம் ஆட்டியது மூன்றாவது கூடையில் இருக்கிறது, அதைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சொல்கிறேன்.

ஐந்து சென்ட் பெட்டி

சந்தைக் காட்சியை நிறையப் பேர் சும்மா ஆரம்பம் என்று கடந்துபோய்விடுவார்கள். ஹோமர் எல்லாம் ஐந்து சென்ட் என்று எழுதிய ஒரு பெட்டியைக் கிளறுகிறார். குப்பை, குப்பை என்று முனகிக்கொண்டே தூக்கி எறிபவை என்னென்ன என்று நிறுத்திப் பாருங்கள். ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின். சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938ஆம் வருஷத்து ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். அப்புறம் ஒரு தாள் தபால்தலை, அதில் விமானம் தலைகீழாக இருக்கிறதே என்று அதையும் வீசுகிறார். அது 1918இல் அச்சுப் பிழையோடு வெளிவந்த 24 சென்ட் தபால்தலை. நூறு தலைகள் கொண்ட ஒரே ஒரு தாள்தான் அப்படிப் பொதுமக்கள் கைக்கு வந்தது, தபால்தலை சேகரிக்கிறவர்கள் கனவில் காண்பது அதைத்தான். அதே சந்தையில் ஸ்கின்னர், வியட்நாம் போர்க்கைதியாக இருந்தபோது தன் தலையில் மாட்டியிருந்த முகமூடியைக் கண்டுபிடிக்கிறார். அதன் எண் 24601, 'லே மிசராப்ல' நாவலில் ழான் வால்ழானுக்குச் சிறையில் கொடுத்த எண்.

இதெல்லாம் துணுக்கு மட்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்தக் குப்பைக்குள்தான் பி ஷார்ப்ஸ் ரெக்கார்டும் கிடக்கிறது. விலைமதிப்பில்லாதது எல்லாம் ஐந்து சென்ட் பெட்டியில் கிடக்கிறது, கிளறுகிறவனுக்கு அது தெரியவில்லை என்று முதல் இரண்டு நிமிஷத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பின்னால் வரப்போவதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பார்ப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது.

நாலு குரல்

பீட்டில்ஸ் கதையைச் சொல்ல ஏன் ராக் இசையை விட்டு பார்பர்ஷாப்? ஹோமரே ஒரு காரணம் சொல்கிறார்: 1985இல் ராக் அண்ட் ரோல் தேங்கிப்போயிருந்தது, 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது, அந்த வெற்றிடத்தை ஏதாவது நிரப்ப வேண்டியிருந்தது என்று. கணக்குச் சரிதான், அந்தப் பாட்டு வந்தது 1992இல்.

பார்பர்ஷாப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வாத்தியமே இல்லாமல் நாலு ஆண்கள் பாடுவது. மெட்டைப் பாடுகிறவர் 'லீட்', அவருக்கு மேலே மெல்லிய குரலில் 'டெனர்', அடியில் 'பேஸ்', மிச்சமிருக்கும் இடைவெளியை அடைப்பவர் 'பாரிடோன்'. நாலு பேரும் சுருதி துல்லியமாகச் சேர்ந்தால், யாரும் பாடாத ஒரு ஐந்தாவது ஒலி மேலே கேட்கும். நம்ம ஊர் தம்புராவில் மந்தர சட்ஜத்தை மீட்டினால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்தப் பாணியின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நால்வர் பாட்டில் இருக்கிறது. ஆனால் இதைப் பாதுகாக்க என்று 1938இல் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சாவில் தொடங்கிய சங்கம் 1963 வரை கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. உண்டாக்கியவர்களையே வெளியே நிறுத்திய கதை. எபிசோடில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நான்தான் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பது இந்த எபிசோட் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது.

பாடியது யார் என்பதில் ஒரு அழகான விஷயம். ஹோமருக்கும் பார்னிக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள், டேன் கேஸ்டெலனெட்டா. அபுவுக்கும், முதலில் குழுவில் இருந்த விக்கமுக்கும் ஹாங்க் அசாரியா. ஸ்கின்னருக்கு ஹாரி ஷியரர். அதாவது நால்வர் குழுவுக்குப் பின்னால் இருப்பது மூன்றே தொண்டைகள். அதனால் டிஸ்னிலாண்டில் 1959இலிருந்து பாடிவரும் 'டேப்பர் டேன்ஸ்' என்ற நிஜ பார்பர்ஷாப் குழுவை வரவழைத்து, அவர்கள் பாடியதையும் நடிகர்கள் பாடியதையும் கலந்து சேர்த்தார்கள். 'பேபி ஆன் போர்ட்' பாட்டைக் காதொலிப்பானில் கேட்டால் ஹோமரின் கரகரப்பு மேலே மிதக்க, அடியில் சுத்தமான ஸ்வரம் தாங்கிப் பிடிப்பது தெரியும். கேலிக்காக எழுதிய பாட்டுத்தான், ஆனால் பாட்டாகவே நன்றாக இருக்கிறது. அதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். பாட்டின் கருவும் நிஜம்தான்: காரின் பின்கண்ணாடியில் ஒட்டும் 'பேபி ஆன் போர்ட்' மஞ்சள் அட்டை 1980களின் நடுவில் அமெரிக்கா முழுக்கப் பரவிய மோகம். ஹோமரின் மனைவி மார்ஜ் அதை வாங்கி வந்து, இனிமேல் யாரும் வேண்டுமென்றே நம் காரை இடிக்கமாட்டார்கள் என்று சந்தோஷப்படுகிற அதே நிமிஷத்தில் ஹோமருக்குப் பாட்டு வந்துவிடுகிறது.

குழுவின் பெயர் இன்னொரு சிலேடை. பி ஷார்ப் என்று தனியாக ஒரு கட்டை கீபோர்டில் கிடையாது, பி-க்கு அரை ஸ்வரம் மேலே போனால் சி-தான் வரும். 'கூர்மையாக இரு' என்றும் காதில் விழும். முதலில் கேட்கும்போது புத்திசாலித்தனமாகவும் ஒவ்வொரு தடவை கேட்கக் கேட்கச் சிரிப்பு குறைவதாகவும் இருக்கிற ஒரு பெயர் வேண்டும் என்று ஸ்கின்னர் சொல்ல, அபு இந்தப் பெயரைச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிப்பு மெல்ல அடங்குகிறது, சரி இதுதான் என்று முடிவாகிறது. பீட்டில்ஸ் என்ற பெயரும் வண்டு, தாளம் என்று இரண்டையும் சேர்த்த சிலேடை என்பதை இப்போது யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

வெளியே போனவரும் ஒளித்து வைக்கப்பட்டவரும்

முதலில் குழுவில் நாலாவது ஆள் போலீஸ் சீஃப் விக்கம். நைஜல் என்ற மேனேஜர் வருகிறார், குழுவைப் பிடித்துப்போகிறது, ஆனால் விக்கமைத் தூக்க வேண்டும் என்கிறார். காரணம், ஆள் 'வில்லேஜ் பீப்பிள்' மாதிரி இருக்கிறாராம். 'வில்லேஜ் பீப்பிள்' குழுவில் ஒருவர் போலீஸ் உடையில் வருவார், அதுதான் அங்கே சிரிப்பு. மோவின் பாருக்கு அந்தக் காலத்தில் 'மோஸ் கேவர்ன்' என்று பெயர், லிவர்பூலின் கேவர்ன் கிளப்பை ஞாபகப்படுத்த. 1961 நவம்பர் 9 அன்று, பின்னால் மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் பீட்டில்ஸை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கழிவறையிலிருந்து வரும் ஒரு தேன் குரலைக் கேட்டு பார்னியைக் கண்டுபிடிக்கிறார்கள். அவரை மேடை ஏற்றும்போது கூட்டம் விக்கம்தான் வேண்டும், பார்னி வேண்டாம் என்று கத்துகிறது.

இந்தக் கத்தல் அப்படியே நடந்தது. பீட் பெஸ்ட் இரண்டு வருஷம் பீட்டில்ஸுக்கு டிரம்ஸ் வாசித்தவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டீன் அவரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, இனி நீ இல்லை, ரிங்கோ வருகிறார் என்று சொல்லிவிட்டார். கூட வாசித்த மூன்று பேரும் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் கேவர்னில் ரசிகர்கள் பீட்தான் வேண்டும், ரிங்கோ வேண்டாம் என்று கோஷம் போட்டார்கள், கைகலப்பு ஆனது, அதில் அடி வாங்கிக் கண் கறுத்துப்போனவர் பீட்டில்ஸின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன். அந்த செப்டம்பரில் எடுத்த ஸ்டூடியோ படங்களில் ஹாரிசனின் கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரியும். அதே ஹாரிசன் முப்பத்தொரு வருஷம் கழித்து, அதே கோஷத்தைக் கார்ட்டூனாக்கிய எபிசோடில் வந்து குரல் கொடுக்கிறார். தொண்டை அடைத்த முதல் இடம் இது.

இரண்டாவது இடம் மார்ஜ். பெண்களுக்கு நீ கல்யாணமானவன் என்று தெரியக்கூடாது, உன்னை அடைய முடியும் என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்று நைஜல் ஹோமரிடம் சொல்கிறார். நான் இப்படி எடுத்துச் சொன்னால் மார்ஜுக்குப் புரிந்துவிடும் என்று ஹோமர் நம்பிக்கையோடு கிளம்புகிறார். பீட்டில்ஸின் ஜான் லெனன் சின்தியாவைப் பதிவுத் திருமணம் செய்தது 1962 ஆகஸ்ட் 23, பீட் பெஸ்ட் போன ஒரே வாரத்தில். அன்று இரவே செஸ்டரில் கச்சேரி, புது மாப்பிள்ளை மேடையில், கல்யாணமும் ரகசியம். அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தபோதும் மனைவி இருப்பதே வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்க டிவியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் லெனன் முகத்துக்குக் கீழே, மன்னிக்கவும் பெண்களே, இவருக்குக் கல்யாணமாகிவிட்டது என்று எழுத்துப் போட்டு உலகத்துக்கே சொன்னார்கள். சின்தியா ஒரு மனுஷி, அவரை ஒரு டிவி எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அதை இந்த எபிசோட் மார்ஜ் பக்கம் திருப்பிக் காட்டுகிறது. மார்ஜை நமக்கு நாலு சீசனாகத் தெரியும், அதனால்தான் அங்கே வலிக்கிறது.

பெயரை வெட்டுவது

அபுவின் குடும்பப் பெயர் நஹசபீமபெட்டிலன். ஜெஃப் மார்ட்டினின் பள்ளித் தோழர் ஒருவரின் பெயரைத் திருகித்தான் அதை உருவாக்கினார்கள். இந்த எபிசோடை எழுதியவரும் அதே மார்ட்டின். அந்தப் பெயர் விளம்பரப் பலகையில் பொருந்தாது என்று சொல்லி, 'அபு டி போமார்ஷே' என்று மாற்றுகிறார்கள். இது என் முன்னோருக்கும் என் கடவுளுக்கும் பெரிய அவமானம், ஆனால் சரி என்று அபு ஒத்துக்கொள்கிறார்.

நிறையப் பேர் இங்கே ஏதோ ஒரு ஃபிரெஞ்சுப் பெயர் என்று நின்றுவிடுகிறார்கள். போமார்ஷே என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஃபிரெஞ்சு நாடக ஆசிரியர், அவர் எழுதிய புகழ்பெற்ற நாடகம் 'செவில் நகரத்து முடிதிருத்துபவர்'. பார்பர்ஷாப் குழுவில் சேரும் ஆளுக்கு ஒரு பார்பர் நாடகம் எழுதியவரின் பெயர்! இதை இரண்டாவது கூடையில்தான் வைக்கிறேன், வைத்திருக்கலாம். ஆனாலும் முதல் தடவை இது மண்டையில் பட்டபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

வெளிநாடு போனதும் பெயரின் பின்பாதியைக் கத்தரித்துக்கொண்ட எத்தனை பேர் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் காட்சி எனக்கு இரட்டையாகத்தான் வேலை செய்கிறது. அபு என்ற பாத்திரம் இந்தியர்களைக் கேலி செய்கிறதா என்று பின்னால் பெரிய விவாதம் நடந்தது, நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார், 2020இல் அசாரியா இனி அபுவுக்குக் குரல் கொடுக்கமாட்டேன் என்று விலகினார். அவர் விலகியது சரி என்பதுதான் என் எண்ணம். ஆனால் இந்த ஒரு வசனத்தில் மட்டும், கேலி அபுமேல் விழவில்லை, அவர் பெயரைப் பலகைக்கு ஏற்ப வெட்டுகிறவர்கள்மேல் விழுகிறது. ரிச்சர்ட் ஸ்டார்க்கி ரிங்கோ ஸ்டார் ஆனதும் ஞாபகத்துக்கு வரும், ஆனால் அது அவரே ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயர்.

புகழ் வரும் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், குறிப்புகள் அங்கே வெளிப்படையாகவே இருக்கின்றன. முதல் ஆல்பம் 'மீட் த பி ஷார்ப்ஸ்', 1964இல் அமெரிக்காவில் வந்த 'மீட் த பீட்டில்ஸ்' மாதிரி. விமான நிலையப் பத்திரிகையாளர் சந்திப்பு, அந்த வருஷம் பிப்ரவரி 7 அன்று நியூயார்க் வந்து இறங்கியது மாதிரி. உங்களை வேடிக்கையான ஆள் என்கிறார்களே, அது நியாயமா என்று ஸ்கின்னரைக் கேட்க, அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஆமாம், நியாயம்தான் என்கிறார். இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'பிக்கர் தேன் ஜீசஸ்'. பீட்டில்ஸ் ஏசுவைவிடப் பிரபலம் என்று 1966 மார்ச்சில் லெனன் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் சொன்னது இங்கிலாந்தில் யாரையும் உறுத்தவில்லை, ஜூலை ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று மறுபடி போட்டதும் தெற்கு மாநிலங்களில் ரெக்கார்டுகளைக் குவித்து எரித்தார்கள். ஆல்பம் அட்டையில் நால்வரும் பீட்டில்ஸின் 'அபே ரோட்' ஆல்பம் அட்டையில் இருக்கிற அதே நடையில் வரிசையாகப் போகிறார்கள், ஆனால் ரோட்டுக்குப் பதிலாகத் தண்ணீர்மேல். இரண்டு குறிப்பை ஒரே படத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள், கண்ணில் படுவது இரண்டே விநாடி.

பிரவுனி

கிராமி விழாவில் விருது கொடுப்பவர் பாடகர் டேவிட் கிராஸ்பி, அவரே குரல் கொடுத்திருக்கிறார். சோல் இசை, பேச்சு, பார்பர்ஷாப் என்று சம்பந்தமில்லாத மூன்றையும் ஒரே விருதாக அடைத்த பிரிவு. விருந்தில் ஹோமரிடம் ஒருவர் வந்து, வணக்கம் ஹோமர், நான் ஜார்ஜ் ஹாரிசன் என்கிறார். ஹோமர் கண் விரிய, கடவுளே, கடவுளே என்று கத்திவிட்டு, அந்த பிரவுனி எங்கே கிடைத்தது என்று கேட்கிறார். அதோ, அங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். ஹோமர் ஓடிப்போய்த் தின்ன ஆரம்பிக்கிறார். ஹாரிசன் அவரைப் பார்த்து, எவ்வளவு நல்ல ஆள் என்று சொல்கிறார்.

ஹாஸ்டலில் நாங்கள் சிரித்தது ஹோமரின் தின்னிப்பண்டாரத்தனத்துக்கு. இப்போது எனக்குக் கேட்பது அந்தக் கடைசி வாக்கியம். அதன் அர்த்தம் புரிய, ஒலிப்பதிவு நாளுக்குப் போக வேண்டும். ஹாரிசன் வருவதை ரகசியமாக வைத்திருந்தார்கள், வந்தவரிடம் எல்லோரும் பீட்டில்ஸ் பற்றியே கேட்க, அவர் முகம் வாடிப்போயிருந்ததாம். அப்போது சிம்ப்சன்ஸை உருவாக்கிய மேட் க்ரோனிங் அவரிடம் 'வொண்டர்வால் மியூசிக்' பற்றிக் கேட்டார். ஹாரிசன் உடனே மலர்ந்துவிட்டார். அது 1968இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம், பீட்டில்ஸ் ஒருவர் தனியாகப் போட்ட முதல் ஆல்பமும் அதுதான், அதில் ஒரு பாதியை அந்த ஜனவரியில் பம்பாயில் நம் ஊர் இசைக்கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். உலகமே ஒரே கேள்வியைக் கேட்கும்போது ஒருத்தர் வேறு ஒன்றைக் கேட்டால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஹோமர் செய்வதும் அதேதான். ஜார்ஜ் ஹாரிசன் முன்னால் நின்றும் பீட்டில்ஸ் பற்றிக் கேட்காமல் பிரவுனி பற்றிக் கேட்கிற ஒரே மனுஷன். அதனால்தான் நல்ல ஆள். வசனம் முன்னாலேயே எழுதியது, க்ரோனிங் சம்பவம் பதிவு நாளில் நடந்தது, ஒன்றுக்கொன்று முடிச்சு போட்டு எழுதவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே மனுஷனைப் பற்றித்தான் சொல்கின்றன.

இப்போது அந்த மூன்றாவது கூடை. விருது கொடுத்த கிராஸ்பி 1965இல் 'பேர்ட்ஸ்' குழுவில் இருந்தவர். அந்த ஆகஸ்டில் பீட்டில்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் தங்கியிருந்தபோது பார்க்கப்போய், ஹாரிசனிடம் ரவிசங்கர் இசையைப் பற்றிப் பேசியவர். இரண்டே மாதத்தில் ஹாரிசன் ஒரு பீட்டில்ஸ் பாட்டில் சித்தார் வாசித்துப் பதிவு செய்தார், அடுத்த வருஷம் ரவிசங்கரிடமே சீடராகிவிட்டார். சரி, ஹோமர் குழுவில் இருக்கும் அபுவின் பெயர் எங்கிருந்து வந்தது? சத்யஜித் ராயின் அபு படங்களிலிருந்து. அந்தப் படங்களுக்கு இசையமைத்தவர்? ரவிசங்கர். கிராஸ்பி, ஹாரிசன், அபு என்று மூன்று பேரும் வேறு வேறு காரணத்துக்காக இந்த இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள், மூன்று பேரையும் கட்டும் நூல் படத்தில் எங்கேயும் தலை காட்டாத ஒரு சித்தார் கலைஞர். இதை யாரும் திட்டமிட்டு வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தானாக விழுந்ததுதான். ஆனால் ஹாரிசனின் வாழ்க்கை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. 1974இல் அவர் வட அமெரிக்கா முழுக்கக் கச்சேரி செய்யப் போனபோது ரவிசங்கர் குழுவில் எல். சுப்ரமணியமும் டி.வி. கோபாலகிருஷ்ணனும் கூடப் போனார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

எட்டாம் எண்

குழு உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் பார்னி ஒரு ஜப்பானிய நவீனக் கலைஞரோடு மோவின் பாருக்கு வருகிறார். அந்தப் பெண் கேட்பது: வாசனைத் திரவியத்தில் மிதக்கும் ஒரே ஒரு பிளம் பழம், ஒரு ஆண் தொப்பியில் வைத்து. லெனனின் இரண்டாவது மனைவி யோகோ ஓனோவைத்தான் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஓனோ 1964இல் 'கிரேப்ஃப்ரூட்' என்று ஒரு புத்தகம் போட்டார், முழுக்கக் கட்டளைகள், இதைச் செய், அதைக் கற்பனை செய் என்று சின்னச் சின்ன வரிகள். அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இந்த பிளம் பழம் அதிலிருந்தே உருண்டு வந்த மாதிரி இருக்கும், பழத்துக்குப் பழம் என்று பொருத்தமும் இருக்கிறது. கேலி செய்ய வேண்டுமென்றால்கூட அவருடைய நடையைப் படித்துவிட்டு வந்து கேலி செய்திருக்கிறார்கள். அப்புறம் பார்னி ஒரு புதுப் பாட்டு போட்டுக் காட்டுகிறார்: அந்தப் பெண் எட்டாம் எண், எட்டாம் எண் என்று திரும்பத் திரும்பச் சொல்ல, நடுவில் பார்னியின் ஏப்பம். 1968இல் வந்த வெள்ளை ஆல்பத்தின் 'ரெவல்யூஷன் 9', எட்டு நிமிஷத்துக்கும் மேல் ஓடும் ஒலித் துண்டுகள், ஒன்பதாம் எண் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் குரல்.

எனக்கு இந்தப் பகுதியில் ஒரு குறை உண்டு. விக்கமுக்கும் மார்ஜுக்கும் கொடுத்த இடத்தை இந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. குழு உடையும்போது வந்து நிற்கிற விசித்திரமான பெண் என்ற பழைய பழியோடே விட்டுவிட்டார்கள். பீட்டில்ஸ் பிரிந்ததற்கு ஓனோ காரணமில்லை என்று பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே பின்னால் சொல்லியிருக்கிறார். 1993இல் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை போல.

உடைவது சத்தமில்லாமல் நடக்கிறது. ஒரு பத்திரிகையில் எது இப்போது சூடு, எது ஆறிவிட்டது என்ற பட்டியலில் இவர்கள் பெயர் ஆறியவர்கள் பக்கம் வருகிறது, அவ்வளவுதான். ஸ்கின்னர் பள்ளிக்கூடத்துக்கு, அபு கடைக்கு, பார்னி பாருக்கு, ஹோமர் அணுமின் நிலையத்துக்கு. ஹோமர் இல்லாத நாட்களில் அவர் இருக்கையில் ஒரு கோழி வேலை பார்த்திருக்கிறது.

கூரை

கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள்: பணமெல்லாம் எங்கே போனது, இவ்வளவு புகழ் இருந்தும் எங்களுக்கு ஏன் தெரியாது? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் இருக்கிறது, ஆனால் அது இன்னொரு ராத்திரிக்கு என்று ஹோமர் தப்பித்துவிடுகிறார். பிறகு பழைய நண்பர்களுக்கு ஃபோன் போடுகிறார். மோவின் பார் கூரையில் நால்வரும் நின்று 'பேபி ஆன் போர்ட்' பாடுகிறார்கள். கீழே ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். 1969 ஜனவரி 30, லண்டனில் சேவில் ரோ 3ஆம் எண் கட்டடத்தின் கூரையில் பீட்டில்ஸ் குளிரில் நின்று 42 நிமிஷம் வாசித்த கடைசிக் கச்சேரி அப்படியே. அன்று போலீஸ் வந்து நிறுத்தியது, இங்கேயும் போலீஸ் இருக்கிறது. அது விக்கம். வெளியே அனுப்பப்பட்ட நாலாவது ஆள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, நன்றாகத்தான் பாடுகிறார்கள், கண்ணீர்ப்புகையை எடு என்கிறார். தொண்டை அடைத்த மூன்றாவது இடம்.

அந்த வழியாகக் காரில் போகும் ஜார்ஜ் ஹாரிசன் கண்ணாடியை இறக்கி, இதெல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்கிறார். அந்தக் கூரையில் நிஜமாக கிட்டார் வாசித்த மனுஷன் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு வேறு எடை. பீட்டில்ஸைப் பகடி செய்வதும் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்பதையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை: 1978இல் 'ரட்டில்ஸ்' என்று பீட்டில்ஸ் கேலிப் படம் எடுத்தபோது அதிலும் ஒரு சின்ன வேஷத்தில் வந்தவர் அவர்.

பாட்டு முடிகிறது. சேவில் ரோவில் லெனன் கடைசியாகச் சொன்னது, குழுவின் சார்பில் நன்றி, இந்தத் தேர்வில் நாங்கள் தேறிவிட்டோம் என்று நம்புகிறோம் என்பது. ஹோமர் அதை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறார். கூரையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், பார்னியும் கூடவே வயிறு குலுங்கச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு, எனக்குப் புரியவில்லை என்கிறார்.